கைக்குச் சுடுது, காலுக்குச் சுடல

ஹீட்டர் வேலைக்கு வந்தா மொதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ஹீட்டர் செத்தப்பறம்தான் சனங்க நமக்குப் போன் பண்ணுவாங்க. சாகுறதுக்கு முன்னாடி அது மாசக்கணக்கா மொனகிக்கிட்டு இருந்தத ஒருத்தரும் காதுல வாங்கியிருக்க மாட்டாங்க.

நீங்களும் அப்படித்தானே? பொய் சொல்லாதீங்கலா. தலையில ஷாம்பு, கண்ணுல நொர, திடீர்னு மேல பச்சத்தண்ணி. ‘ஐயோ’ன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்தச் சத்தம்தான் என் சோறு. நான் பாரம் அஞ்சு படிக்கும்போதே பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டுன ஆளு. கார் கழுவுனேன், பர்கர் சுட்டேன், செம்பன மில்லுல கொஞ்ச நாளு இருந்தேன், மோட்டார்ல சாப்பாடு கொண்டுபோய்க் குடுத்தேன். ஒரு எடத்துல குந்த முடியல. ‘உன் கால்ல என்னா சக்கரமாடா?’ன்னு அம்மா கேக்கும். கடைசியில ரவி அண்ணனோட வேன்ல ஏறுனேன். ஹீட்டர் மாட்டுறது, கழட்டுறது, பைப்பு பாக்குறது. வேன்லயாச்சும் சக்கரம் இருக்கே, அதனாலதான் இன்னும் எறங்கல.

ஹீட்டர எப்ப மாத்தணும்னு எல்லாரும் கேப்பாங்க. சுடுதண்ணி செவப்பா வந்தா மாத்துங்க. உள்ள கல்லு உருட்டுற மாதிரி கடகடன்னா மாத்துங்க. தொட்டி அடியில சொட்டுனா மாத்துங்க. பைப்பத் தொறக்கும்போது கையில சுர்ருனுச்சுன்னா மெயின் சுவிட்ச அடைச்சுட்டு மாத்துங்க. இது எதுவுமே இல்லாம, ‘சூடு பத்தல’ன்னு மட்டும் ஒருத்தரு சொன்னா? அதுக்கு எனக்கு அப்ப வெட தெரியாது. முனியாண்டி மாமாவோட காலுதான் அதச் சொல்லிக்குடுத்துச்சு.

சூடு பத்தாத வீடு

லிங்கி பக்கம், செம்பன எஸ்டேட் ஓரமா, பழைய தொழிலாளிங்க இருக்குற வீட்டு வரிசை. முனியாண்டி மாமா எஸ்டேட்ல டிராக்டர் ஓட்டுனவரு. இப்ப சி ரூசாவுல, கடலப் பாத்த ஒரு அபார்ட்மெண்ட்ல ஜாகா வேல, அதான் வாட்ச்மேன். பொழுதுக்கும் கேட்டுல நிப்பாரு. வீட்டுக்கு வந்ததும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசின்ல சுடுதண்ணி, கைப்பிடி உப்பு, ரெண்டு காலையும் உள்ள விட்டுட்டு டிவி பாப்பாரு. குளிக்கிறது என்னைக்கும் பச்சத்தண்ணிதான். ஹீட்டர் காலுக்கு மட்டும். சாமி ரூமுக்குப் பக்கத்துல மாமாவோட ஒரு போட்டோ மாட்டியிருக்கும். மஞ்ச வேட்டி, கையில வேப்பிலை, பின்னால நெருப்பு. எஸ்டேட் மாரியம்மன் கோயில் தீமிதியில மாமா எறங்காத வருசம் கெடையாது.

‘தண்ணி சூடே இல்லடா’ன்னு போன் வந்துச்சு, போனேன். தொறந்தா ஆவி பறக்குது. ஒரு கோழிய முக்கி எடுத்தா ரெக்க தானா உதிரும், அப்படி ஒரு சூடு. “மாமா, இது ஹீட்டரா, பசாருல கோழிக்கடையா?”ன்னேன். மாமா சம்சாரம் லெட்சுமி அத்த அடுப்படியிலேருந்து, “அப்படிக் கேளு தம்பி, நானும் சொல்லிப் பாத்துட்டேன், சுடுதுன்னு”ன்னாங்க. “உனக்கு வெயிலே சுடும், நீ சும்மா இரு”ன்னாரு மாமா. சரி, கைய வெச்சுப் பாருங்கன்னேன். வெச்சாரு. வெடுக்குன்னு இழுத்துக்கிட்டாரு. கையப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, குனிஞ்சு காலப் பாத்தாரு. அவரு சொன்னத வேன்ல போகும்போது ரவி அண்ணன்கிட்ட சொன்னேன், அவரு சிரிச்ச சிரிப்புக்கு வேன ஓரங்கட்ட வேண்டியதாப் போச்சு. நீங்களும் இப்பவே சிரிச்சுக்குங்க. மாமா சொன்னது இதான்:

“கைக்குச் சுடுது, காலுக்குச் சுடலன்னா, அது என்னா ஹீட்டருடா?”

சொட்டுற தொட்டி

கோலா பிலாவுல ஒரு ஐயா. யாழ்ப்பாணத்து வம்சம், எஸ்டேட் ஆபீசுல பெரிய கிராணியா, அதான் கிளார்க்கா, இருந்து ஓய்வு எடுத்தவரு. சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டுத்தான் கேட்டத் தொறப்பாரு. அவரு வீட்டு ஹீட்டர் என்னைய விட வயசுல மூத்தது. அடியில துரு, சொட்டு சொட்டுன்னு தண்ணி, கீழ ஒரு வாளி. நான் ஒவ்வொரு தடவையும், “ஐயா, இது முடிஞ்சு போச்சு, புதுசு போடுவோம்”னு சொல்வேன். அவரு ஒவ்வொரு தடவையும், “ஒரு வாஷரை மட்டும் மாத்தும், போதும்”னு சொல்வாரு. வாஷர் மாத்துவேன். அடுத்த மாசம் வேற எடத்துல சொட்டும்.

பிள்ளைங்க ரெண்டு பேரும் ஆஸ்திரேலியாவுல. வீட்டுல அவரும் அந்தச் சொட்டுற சத்தமும்தான். நான் போறதுக்கு முன்னாடியே மேசையில ரெண்டு கோப்பை கமுத்தி வெச்சிருக்கும், நடுவுல பிஸ்கட்டு. வேல கொஞ்ச நேரந்தான், தேத்தண்ணி ரொம்ப நேரம். ஒரு நாளு என் வாயி சும்மா இல்லாம, “ஐயா, வாளியில புடிச்ச தண்ணியில மீன் வளத்திருந்தா இந்நேரம் மீன் கடையே வெச்சிருக்கலாம். இன்னைக்கு மாத்தியே தீருவேன்”னு ஏணிய எடுத்தேன். அவரு ஏணியப் புடிச்சுக்கிட்டாரு. விழாம இருக்கத்தான் புடிக்கிறாருன்னு நெனச்சேன்.

“அதை மாத்திப்போட்டா, பிறகு நீர் என்னத்துக்குத் தம்பி இஞ்ச வரப்போறீர்?”

பெரிய தொட்டி

நான் சூட்டக் கூட்டி வைக்க மாட்டேன்னு சொன்னதுல முனியாண்டி மாமாவுக்குக் கோவம். டவுன்ல வேற கடைக்காரனக் கூப்பிட்டு, இருந்த ஹீட்டரக் கழட்டிட்டு, அதவிடப் பெரிய தொட்டியா மாட்டிட்டாரு. ரெண்டு பேரு வீட்டுக்கு அந்தத் தொட்டி, ஒரு கல்யாண மண்டபத்துக்கே பத்தும். லெட்சுமி அத்த எனக்குப் போன் பண்ணி, “பழசு வாசல்ல கெடக்கு தம்பி, எடுத்துக்கிட்டுப் போ, பாத்தா வயிறு எரியுது”ன்னாங்க. போனேன். ஒரு கீறலு கெடையாது. துரு இல்ல, ஒழுகல் இல்ல. நல்லா இருக்குற ஹீட்டர வாசல்ல வெச்சிருந்தத அன்னைக்குத்தான் மொதத் தடவையா பாத்தேன். தூக்கி வேன்ல என் சீட்டுக்குப் பின்னால வெச்சேன்.

டிவி மேல கிளினிக்குல சக்கரைக்குக் குடுத்த மாத்திரப் பை, ஒட்டுன ஒட்டுப் பிரிக்காம கெடந்துச்சு. “என்னா மாமா, மாத்திரையச் சாமிக்குப் படைச்சிருக்கீங்களா?”ன்னேன். “இனிப்பு நீரு மாத்திரடா. அதத் தின்னா கிறுகிறுங்குது. கேட்டுல நிக்கிறவன் தூங்கி வுழுந்தா நாளைக்கு வேற ஜாகாவ வெச்சுருவான்”ன்னாரு. அப்பறம் கொரலத் தாழ்த்தி, அத்தைக்குக் கேக்காத மாதிரி, இந்த வருசம் தீமிதியில அவருதான் மொத ஆளா எறங்கப் போறாருன்னு சொன்னாரு. கோயில்ல எல்லாரும் சேந்து சொல்லிட்டாங்களாம். சொல்லும்போது அந்த மொகத்துல இருந்த சந்தோசத்த நான் வேற எங்கயும் பாத்ததில்ல. இத்தன வருசம் காலு பொசுங்கப் பொசுங்க ஓடுன மனுசன், போன வருசம் மட்டும் நடந்தே போயி அக்கரையில நின்னாராம்.

“நெருப்புல நடந்தனா, ஈரப்புல்லுல நடந்தனான்னே தெரியலடா. அம்மா அப்படித் தாங்கிக்கிட்டா.”

பொட்டு வெச்ச ஹீட்டர்

சி ரூசா பக்கம் ஒரு தாமான் குடியிருப்பு வீடு. அந்த வீட்டு அக்கா, குளிக்கும்போது ஷவரத் தொட்டா கையில சுர்ருங்குதுன்னு போன் பண்ணாங்க. சின்ன ஹீட்டருங்கள்ல ஒரு பட்டன் இருக்கும். மாசத்துக்கு ஒரு தடவ அத அமுக்கிப் பாக்கணும், டப்புன்னு கரண்டு நின்னா நல்லது. கரண்டு கசிஞ்சா நம்மளக் காப்பாத்துறது அந்தப் பட்டனுக்குப் பின்னால இருக்குற சாமான்தான். நான் போயி அமுக்குனா பட்டன் அசையவே இல்ல. கல்லு மாதிரி நிக்குது.

என்னான்னு பாத்தா, ஆயுத பூசைக்கு வீட்டுல இருக்குற எல்லாத்துக்கும் பொட்டு. மோட்டாருக்கு, ஃபிரிஜ்ஜுக்கு, மிக்ஸிக்கு, வாஷிங் மெசினுக்கு. ஹீட்டருக்கு எங்க வெக்கிறது? நடுவுல வட்டமா, நெத்தி மாதிரி ஒரு எடம் வாட்டமா இருக்கே! வருசா வருசம் கொழச்ச சந்தனம் அந்தப் பட்டனச் சுத்தி எறங்கி எறங்கி, சிமெண்டா இறுகிப் போயி கெடக்கு. ‘அக்கா, இந்த ஹீட்டருக்கு ஆயுசு முடிஞ்சிருச்சு, புதுசு மாத்துறவரைக்கும் யாரும் தொறக்காதீங்க, புதுசுக்கு ஓரமாப் பொட்டு வைங்க’ன்னேன். அந்தக்கா இடுப்புல கை வெச்சு என்னைய மேலயும் கீழயும் பாத்தாங்க. வீட்டுல ஒருத்தரும் சாகாம இத்தன வருசம் தப்பிச்சதே அந்தப் பொட்டாலதான்னு அவங்க கணக்கு.

“சாமிக்கு வெச்ச பொட்டக் கொற சொல்றியே, நீ கோயிலுக்கே போறதில்லையாடா தம்பி?”

பேசின்

தீமிதிக்குக் கொஞ்ச நாளு முன்னாடி லெட்சுமி அத்த மறுபடி போன். புதுத் தொட்டித் தண்ணியில துணி அலசப் போயி அவங்க கை வெந்துபோச்சு. “மாமாவுக்குத் தெரியாம வந்து சூட்டக் கொறச்சு வெச்சுட்டுப் போ தம்பி”ன்னாங்க. போனா மாமா வீட்டுல இருக்காரு. கையில காப்புக் கயிறு, கழுத்துல துளசி மணி, விரதம் ஓடிக்கிட்டு இருக்கு. சோபாவுல சாஞ்சு, ரெண்டு காலும் பேசின்ல. பேசின்லேருந்து ஆவி, இட்லிச் சட்டி தோத்துச்சு.

“என்னா மாமா, ஆட்டுக்கால் சூப்பா?”

“டே, விரதத்துல கறிப் பேச்சு எடுக்காத. வா, குந்து.”

அவரு சிரிக்க, நானும் சிரிச்சுக்கிட்டே பேசின்ல வெரல விட்டேன். விட்ட வெரலு எனக்குத் தெரியாமலே வெளிய வந்துருச்சு. “மாமா, காலத் தூக்குங்க! தூக்குங்கலா!” தூக்குனாரு. கணுக்கால் வரைக்கும் செவப்புச் சாக்ஸ் போட்ட மாதிரி கோடு. வேகவெச்ச எறா கலரு. வலது கால்ல ரெண்டு வெரலுக்கு நடுவுல தோலு உப்பிப் போயி, கொப்புளம். “இது எப்ப மாமா?”ன்னா, “எது?”ங்குறாரு. குனிஞ்சு பாத்துட்டு, யாரோ மத்தவங்க கால்ல இருக்குறதப் பாக்குற மாதிரி, “அட”ன்னாரு.

‘கைக்குச் சுடுது, காலுக்குச் சுடல.’ ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்ச அந்தப் பேச்சு இப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. எங்க வேலையில எந்த வயரு செத்திருக்குன்னு கண்டுபுடிக்க ஒரு மொனையிலேருந்து தொட்டுத் தொட்டு வருவோம். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். “மாமா, கண்ண மூடிக்குங்க. எந்த வெரலத் தொடுறேன்னு சொல்லுங்க.” “என்னடா சின்னப்புள்ள வெளையாட்டு”ன்னு சொல்லிக்கிட்டே மூடுனாரு. கட்ட வெரலத் தொட்டேன். பேசாம இருந்தாரு. அமுக்குனேன். பக்கத்து வெரலு. அதுக்கும் பக்கத்து வெரலு. பாதத்துல நகத்த வெச்சு நல்லா அழுத்துனேன். அடுப்படி வாசல்ல லெட்சுமி அத்த வந்து நின்னாங்க, என் கை எங்க இருக்குன்னு பாத்தாங்க, மாமா மொகத்தப் பாத்தாங்க, வாயப் பொத்திக்கிட்டாங்க. மாமா கண்ண மூடுனபடியே சிரிச்சாரு.

“தொடுறேன் தொடுறேன்னு சொல்லிக்கிட்டே இருக்க, எப்படா தொடப்போற?”

மொத ஆளு

“மாமா, இது இனிப்பு நீரு. காலு நரம்பு செத்துக்கிட்டு இருக்கு. நாளைக்கே கிளினிக்கு போவோம், நான் வேன்ல கூட்டிக்கிட்டுப் போறேன்”ன்னேன். மாமா கையில கட்டியிருந்த கயித்தத் தடவுனாரு. “காப்புக் கட்டியாச்சேடா”ன்னாரு. “கோயில்ல சொன்னா விட்டுருவாங்க மாமா, அவங்களும் மனுசங்கதானே.” “என்னான்னு சொல்வேன்? போன வருசம் அம்மா வந்து தாங்குனான்னு மைக்குல சொன்னேன். பொம்பளைங்க எல்லாம் அழுதாங்க. இப்ப போயி, அது அம்மா இல்ல, சீக்குன்னு சொல்லவா?” லெட்சுமி அத்த, “கிளினிக்கு போயித்தான் பாருங்களேன்”ன்னு மெதுவா ஒரு தடவ சொன்னாங்க. “தீமிதி முடியட்டும்”னு அவரு எந்திரிச்சுப் போயிட்டாரு. நான் ஏணி போட்டு ஏறி, ஹீட்டர் சூட்டக் கொறச்சேன். எனக்குக் கொறைக்கத் தெரிஞ்சது அதுதான்.

தீமிதி அன்னைக்குச் சாயங்காலம் எஸ்டேட்டே கோயில்ல. ஷா ஆலம், ஜொகூர்னு வெளிய போன ஆளுங்க எல்லாம் காருல வந்து எறங்கிட்டாங்க. உறுமி அடி நெஞ்சுக்குள்ள கேக்குது. கங்க வாரிப் பரப்பி வெச்சிருக்காங்க, தூரத்துல நிக்கிற என் மூஞ்சி காயுது. மாமா எறங்குனாரு. பின்னால வர்றவங்க எல்லாம் ஓட்டமா ஓடுவாங்க, அதுதான் வழக்கம். மாமா ஓடல. மாலையப் புடிச்சுக்கிட்டு, வயல் வரப்புல போற மாதிரி நடந்தாரு. நடுவுல நின்னு ஒரு கும்பிடு வேற போட்டாரு. நான் உள்ளுக்குள்ள, ‘ஓடு மாமா, ஓடு மாமா’ன்னு கத்துறேன். எதுத்தாப்புல லெட்சுமி அத்த. அவங்க கண்ணு அம்மா மேலயும் இல்ல, மாமா மொகத்துலயும் இல்ல, அவரு காலுலயே நிக்குது. கடைசியில பால் ஊத்துன குழியில எறங்குனாரு. பாலு கலங்குச்சு. சனங்க போட்ட சத்தத்துல உறுமியே கேக்கல. எனக்குப் பக்கத்துல நின்ன ஒருத்தரு, கண்ணுல தண்ணியோட என் முதுகுல ஒண்ணு போட்டாரு.

“பாத்தியா, மாமா மொகத்துல ஒரு சுளிப்பு உண்டா? இதுதான்டா பக்தி!”

பழைய ஹீட்டர்

அதுக்கப்பறம் நடந்தத நீட்டி சொல்ல எனக்கு மனசு இல்ல. தீயில வெந்த புண்ணு ஆறல. வாட வந்துச்சு. அதையும் மஞ்சள அரைச்சுப் போட்டு மறைச்சாரு. காய்ச்சல்ல வுழுந்தப்பறம்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. டாக்டருங்க நல்லாத்தான் பாத்தாங்க, காலம்தான் கடந்துபோச்சு. வலது கால முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க.

வீட்டுக்கு வந்தப்பறம் லெட்சுமி அத்த போன் பண்ணாங்க. “அந்தப் பழைய ஹீட்டர் இருக்கா தம்பி, வித்துட்டியா?” விக்கல. என் சீட்டுக்குப் பின்னாலதான் இருந்துச்சு. ரவி அண்ணன் பல தடவ, “அது என்னாடா, உனக்கு ஜோடியா?”ன்னு கேட்டிருக்காரு. இந்தத் தடவ அவரும் கூட வந்தாரு. பெரிய தொட்டிய எறக்கிட்டுப் பழச மாட்டுனோம். சுவிட்சு போட்டு, தண்ணி தொறந்தேன். லெட்சுமி அத்த பேசின்ல புடிச்சு, கைக்கொழந்தைக்குப் பாக்குற மாதிரி முழங்கைய விட்டுப் பாத்தாங்க. பச்சத்தண்ணி கொஞ்சம் கலந்தாங்க. மறுபடி முழங்கை. அப்பறந்தான் மாமாவோட இடது காலத் தொட்டாங்க.

மாமா பிளாஸ்டிக் நாற்காலியில குந்தியிருந்தாரு. எளைச்சுப் போயிட்டாரு. சாமி ரூம் பக்கத்துல அந்தப் போட்டோ இன்னும் இருக்கு. “வாடா வாயாடி. ஒத்தச் செருப்பு விக்கிற கட எங்கயாச்சும் இருந்தா சொல்லு”ன்னாரு. எப்பவும் நான்தான் ஜோக் அடிப்பேன், அன்னைக்கு அவரு அடிச்சாரு, எனக்குச் சிரிக்க வரல. அம்மா வந்தாளா வரலையான்னு அவரும் கேக்கல, நானும் அந்தப் பக்கம் போகல. கெளம்பும்போது, “அந்தக் காத்தாடியக் கொஞ்சம் இப்படித் திருப்பு தம்பி, காலு எரியுது”ன்னாரு. நான் இடது கால் பக்கம் திருப்புனேன். “அதுக்கு இல்லடா. அந்தப் பக்கம்.” அந்தப் பக்கம் கைலிதான் தொங்குது, கீழ வெறும் தரை. திருப்புனேன். அந்த வெறும் தரைக்குக் காத்தாடி சுத்துது. மாமா அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

“இருந்தப்ப ஒண்ணும் தெரியலடா தம்பி. இப்ப இல்லாத காலுதான் எரியுது.”

அதனால சனங்களே, தண்ணி சூடு பத்தலன்னு எனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி கையையும் காலையும் ரெண்டையுமே தண்ணியில வெச்சுப் பாத்துட்டுப் பண்ணுங்கலா, ஏன்னா என்னால மாத்திக் குடுக்க முடிஞ்சது ஹீட்டர் ஒண்ணுதான்.